ஒரு நகர்வைத் திருப்பித் தருவீர்களா?

கைபேசித் திரையில் ஒரு சிறிய பெட்டி தோன்றியது. எதிரில் விளையாடுபவர் தமது கடைசி நகர்வை மீளப்பெற விரும்புகிறார் என்று அது அறிவித்தது. கீழே இரண்டே இரண்டு குறிகள். 'சரி' என்பதற்கு ஒன்று, 'இல்லை' என்பதற்கு மற்றொன்று. நான் 'இல்லை' என்பதை அழுத்தினேன். அதற்கு ஒரு விநாடிகூட எடுக்கவில்லை.

அந்த ஒரு விநாடியைப் பற்றி எழுதத்தான் இன்று உட்கார்ந்திருக்கிறேன்.

எதிரில் இருந்தவர் முகம் தெரியாத யாரோ ஒருவர் அல்லர். 1970களின் பிற்பகுதியில் கொழும்பிலே நான் பணியாற்றிய பத்திரிகையின் ஒப்புநோக்காளர். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். அன்றும் இன்றும் எனக்கு அவர் 'அண்ணை', அவருக்கு நான் 'தம்பி'. 1983 ஜூலைக்குப் பின்னர் நாட்டைவிட்டுப் போனவர், இப்போது ரொறன்ரோவின் ஸ்காபரோவிலே மகளுடன் வாழ்கிறார். 2020 இல் கொரோனா உலகத்தையே வீட்டுக்குள் அடைத்துவைத்த நாட்களில், இணையத்தில் சதுரங்கம் ஆடலாமே என்ற யோசனை அவருக்குத்தான் முதலில் தோன்றியது. அன்று தொடங்கிய ஆட்டம் இன்னமும் தொடர்கிறது. எனக்கு இரவு ஒன்பது மணி. கோடை காலமாயின் அவருக்குக் காலை பதினொன்றரை. கிழமைக்கு இரண்டு நாட்கள், ஆளுக்குப் பதினைந்து நிமிடங்கள்.

சதுரங்கம் ஆடாத வாசகர்களுக்காகச் சில வார்த்தைகள். பலகையின் முன் நேருக்கு நேர் அமர்ந்து ஆடும்போது விதி மிகவும் கண்டிப்பானது. உங்கள் காயை நகர்த்தும் எண்ணத்தோடு தொட்டுவிட்டால் அதைத்தான் நகர்த்த வேண்டும். எதிராளியின் காயைத் தொட்டால், முடியுமானால் அதை வெட்டத்தான் வேண்டும். காயை ஒரு கட்டத்தில் வைத்துக் கையை எடுத்துவிட்டால் நகர்வு முடிந்தது. சரிந்து நிற்கும் காயை நேராக்க விரும்பினால், தொடுவதற்கு முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும். 'ஜடூப்' என்ற பிரெஞ்சு வார்த்தையை உலகெங்கும் இதற்குப் பயன்படுத்துகிறார்கள். 'சரிசெய்கிறேன்' என்பது அதன் பொருள்.

இந்த வார்த்தையாலேயே பட்டப்பெயர் பெற்ற ஒருவர் உண்டு. யூகோஸ்லாவியாவின் கிராண்ட்மாஸ்டர் மிலான் மட்டுலோவிச். 1967 இல் துனீசியாவின் சூஸ் நகரில் நடந்த உலகச் சம்பியன் போட்டிக்கான தகுதிச் சுற்றில், ஹங்கேரியின் பிலெக்குக்கு எதிராகத் தோற்கும் நகர்வொன்றைச் செய்துவிட்டார். பிறகு 'ஜடூப்' என்று சொல்லி அதைத் திருப்பி எடுத்து வேறொன்றை ஆடினார். எதிராளி முறையிட்டும் நடுவர் அதை அனுமதித்துவிட்டார். ஆனால் சதுரங்க உலகம் அனுமதிக்கவில்லை. அன்றிலிருந்து அவர் 'ஜடூபோவிச்' ஆனார்.

மற்றொரு சம்பவம் 1994 இல் ஸ்பெயினின் லினாரஸில் நடந்தது. உலகச் சம்பியனான காஸ்பரோவ், பதினேழு வயதுப் பெண்ணான யூடித் போல்காருக்கு எதிராக ஆடினார். ஒரு குதிரையை வைத்துக் கையை எடுத்தவர், தவறு தெரிந்ததும் உடனே அதே குதிரையை இன்னொரு கட்டத்துக்கு நகர்த்திவிட்டார். கை விலகியது கால் விநாடி நேரம்தான். ஒளிப்பதிவுக் கருவி அதைப் பிடித்துவைத்திருந்தது. அந்தச் சிறுமி அப்போது நடுவரிடம் முறையிடவில்லை. ஆட்டத்தில் காஸ்பரோவே வென்றார். ஆனால் முப்பது ஆண்டுகள் கடந்தும், அந்த ஆட்டத்தை நினைப்பவர்கள் யார் வென்றார் என்பதையா முதலில் பேசுகிறார்கள்? அந்தக் கால் விநாடியைத்தான் பேசுகிறார்கள். 2002 இல் மொஸ்கோவில் நடந்த விரைவுச் சதுரங்க ஆட்டமொன்றில் போல்கார் அவரைத் தோற்கடித்தார் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுமையாகும்.

அண்மைய உதாரணமும் உண்டு. 2024 டிசம்பர் 12 ஆம் திகதி சிங்கப்பூரில் உலகச் சம்பியன் போட்டியின் பதினான்காவது ஆட்டம். 55 ஆவது நகர்வில் சீனாவின் டிங் லிரென் தமது கோட்டையை ஒரு தவறான கட்டத்தில் வைத்தார். எதிரில் இருந்த சென்னை இளைஞன் குகேஷ் அதைக் கண்டுகொண்டார். டிங்கும் சற்று நேரத்தில் கண்டுகொண்டார். பதினெட்டு வயதில் ஒருவர் உலகச் சம்பியனானதும், மற்றவர் பட்டத்தை இழந்ததும் அந்த ஒரு கோட்டையால். உலகமே பார்த்துக்கொண்டிருந்தது. ஆனால் திருப்பித் தரும்படி கேட்கவோ, தரவோ அங்கே இடமில்லை.

இணையத்தில் அதற்கு இடம் இருக்கிறது. அதுதான் சிக்கலே!

இந்த வசதி புதியதல்ல. 1992 இல் இணையத்தின் முதலாவது சதுரங்க வழங்கி தொடங்கியது. 1995 இல் அது கட்டணம் அறவிடும் நிறுவனமானபோது, அதை விரும்பாத சிலர் இலவச வழங்கியொன்றை அமைத்தார்கள். அங்கே எழுத்துக்களால் கட்டளையிட வேண்டும். நகர்வைத் திருப்பிக் கேட்பவர், எத்தனை அரை நகர்வுகள் பின்னே செல்ல வேண்டும் என்ற எண்ணையும் சேர்த்துத் தட்டச்சு செய்ய வேண்டும். எதிராளி இன்னும் ஆடவில்லை என்றால் ஒன்று. அவர் பதில் நகர்வைச் செய்துவிட்டார் என்றால் இரண்டு. பிரான்ஸைச் சேர்ந்த திபோ டுப்ளெஸி 2010 இல் தொடங்கிய லிசெஸ் தளத்தில் இன்று ஒரு அம்புக்குறியைத் தொட்டாலே போதும். ஒருபோதும் அனுமதிப்பதில்லை, தரப்புள்ளி இல்லாத ஆட்டங்களில் மட்டும் அனுமதிப்பேன், எப்போதும் அனுமதிப்பேன் என்று மூன்று தெரிவுகளையும் அது முன்கூட்டியே தருகிறது.

கேட்பவர்களில்தான் எத்தனை வகையினர்! இணையத்தில் ஆடும் எவரும் இவர்களை அறிவார்கள்.

முதலாமவர் விரல் தவறியவர். ராணியை எங்கோ வைக்க நினைத்திருப்பார், அது பக்கத்துக் கட்டத்தில் போய் நின்றிருக்கும். அந்தக் கணமே கேட்டுவிடுவார். இரண்டாமவர் கண் தவறியவர். நினைத்த இடத்தில்தான் வைத்தார். வைத்த பிறகுதான் ஆபத்து தெரிந்தது. இவரும் உடனே கேட்பார். மூன்றாமவர் உங்கள் பதில் நகர்வைக் கண்டபின் கேட்பவர். அவர் தமது தவறைத் தாமாகக் கண்டுபிடிக்கவில்லை. நீங்கள்தான் கண்டுபிடித்துக் காட்டினீர்கள். உங்கள் சிந்தனையின் பலனை எடுத்துக்கொண்டு பழைய இடத்துக்குப் போக விரும்புகிறார். நான்காமவர் மறுத்தாலும் மீண்டும் மீண்டும் அந்தப் பெட்டியை அனுப்பிக்கொண்டே இருப்பவர். நீங்கள் யோசித்துக்கொண்டிருக்கிறீர்கள், உங்கள் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது, பெட்டி வந்து வந்து போகிறது. ஐந்தாமவரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மறுத்தவுடன் வசைச் சொல் ஒன்றை எழுதிவிட்டு ஆட்டத்தை விட்டே போய்விடுவார்.

முதலாமவருக்குக் கொடுப்பதும், மூன்றாமவர் முதல் ஐந்தாமவர் வரை மறுப்பதும் எனக்குச் சிரமமாக இருந்ததில்லை. இரண்டாமவர்தான் சங்கடம். தொட்டால் தொட்டதுதான் என்ற விதி அவருக்காகவே உண்டாக்கப்பட்டது. பெஞ்சமின் பிராங்கிளின் 1786 இல் வெளியிட்ட சதுரங்க ஒழுக்கங்கள் பற்றிய கட்டுரையில், வாழ்க்கைக்குச் சதுரங்கம் கற்றுத்தரும் பாடங்களில் ஒன்றாக அவதானத்தைச் சொல்கிறார். நகர்வைத் திருப்பி எடுக்க அனுமதிக்காத கண்டிப்பான விதியால்தான் அந்தப் பாடம் படியும் என்பது அவரது கருத்து. ஆனால் அதே கட்டுரையில் அவர் இன்னொன்றையும் சொல்கிறார். கண்டிப்பாக ஆடுவதில்லை என்று இருவரும் இணங்கியிருந்தால், எதிராளியின் கவனக்குறைவைப் பயன்படுத்திக்கொள்ளத் துடிக்காதீர்கள், காய் ஆபத்தில் இருப்பதை அன்போடு எடுத்துச் சொல்லுங்கள் என்கிறார். கண்டிப்பும் தாராளமும் அவருக்கு ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. எந்த ஆட்டத்தை ஆடுகிறோம் என்று முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

அண்ணையும் நானும் அதைப் பேசிக்கொள்ளவில்லை. பேச வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. ஏனென்றால் அவருடைய விதி எனக்கு நாற்பது வருடங்களுக்கு மேலாகத் தெரியும்.

அன்றைய பத்திரிகைக் காரியாலயத்தில் இரவுக் கடமை என்பது பெரும்பாலும் காத்திருத்தல்தான். வெளியூர்ப் பிரதிகள் அச்சேறிய பின்னர், நகரப் பதிப்புக்காகக் கடைசிச் செய்திகளை எதிர்பார்த்திருப்போம். ஈய எழுத்துக்களின் காலம் அது. அச்சுக்கோப்பாளர்கள் கோத்துக் கொடுப்பதை மை தடவி ஒரு தாளில் எடுத்து ஒப்புநோக்காளரிடம் கொண்டுவருவார்கள். ஈரம் காயாத அந்தத் தாளின் ஓரங்களில் அண்ணையின் சிவப்புப் பேனா குறிகளைப் போட்டுக்கொண்டே போகும். தாளுக்கும் தாளுக்கும் இடைப்பட்ட நேரத்தில், மேசையின் மூலையில் ஒரு பழைய சதுரங்கப் பலகை. ஒரு குதிரை தொலைந்துபோய், அதற்குப் பதிலாக மைப் போத்தலின் மூடி நின்றது.

"அண்ணை, ஒருக்கா மாத்தி வைக்கட்டோ?" என்று நான் கேட்காத நாளில்லை.

"ஏலாது தம்பி. தொட்டுப்போட்டு யோசிக்கப்படாது. யோசிச்சுப்போட்டுத் தொடு."

ஒரு காலாளைக்கூட அவர் எனக்குத் திருப்பித் தந்ததில்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவன், வயதில் இளையவன் என்ற சலுகையெல்லாம் கிடையாது. எனக்குக் கோபம் வரும். மறுநாள் மீண்டும் பலகை முன் போய் உட்காருவேன்.

1978 இல் ஓர் இரவு. வாழ்க்கையில் முதல் தடவையாக அவரை வெல்லக்கூடிய நிலையில் நான் இருந்தேன். அவரது கோட்டை ஒன்று என் பொறியில் சிக்கியிருந்தது. அந்த நேரத்தில் வடக்கிலிருந்து பிராந்திய நிருபர் தொலைபேசியில் சொன்ன விபத்துச் செய்தியை நான் எழுதி உள்ளே அனுப்பியிருந்தேன். பஸ் மோதி ஓர் ஆசிரியர் இறந்துவிட்டார். புரூஃப் வந்தது. அண்ணை அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தினார்.

"தம்பி, இந்தப் பேருக்கு முன்னாலை நிக்கிறது 'க'வோ 'த'வோ? உன்ரை எழுத்து விளங்கேல்லை."

நான் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"'க' தான் அண்ணை. விடுங்கோ."

என் குறிப்பைத் திருப்பிப் பார்த்திருந்தால் பத்து விநாடிகளில் முடிந்திருக்கும். பார்க்கவில்லை. அந்த ஆட்டத்தில் நான் வென்றேன்.

இறந்தவரின் தலைப்பெழுத்து 'த'. அதே பாடசாலையில், அதே பெயருடன், 'க' என்ற தலைப்பெழுத்துடன் இன்னோர் ஆசிரியர் உயிரோடு இருந்தார். பத்திரிகை ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் வகுப்பறையில் பாடம் நடத்திக்கொண்டிருந்தாராம். பக்கத்துக் கிராமத்தில் கல்யாணம் முடித்திருந்த அவருடைய தமக்கை, தலைவிரிகோலமாகத் தம்பி வீட்டுக்கு ஓடிவந்து படலையடியில் மயங்கி விழுந்திருக்கிறார். மறுபுறத்தில், உண்மையில் இறந்தவரின் குடும்பத்தவர்கள், தங்கள் பிள்ளையின் மரணத்தைக்கூடச் சரியாகப் போடத் தெரியாத பத்திரிகையா என்று கடிதம் எழுதினார்கள். இரண்டு வீடுகளை ஓர் எழுத்து புண்படுத்தியிருந்தது.

ஐந்தாம் பக்கத்தில் மூன்று வரிகளில் 'திருத்தம்' போட்டோம்.

ஆசிரியர் எங்கள் இருவரையும் அழைத்தார். யாருடைய பிழை என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணை சொன்னார்: "ஒப்பு பார்த்தது நான், ஐயா." அவ்வளவுதான். கேட்டேன் என்றோ, தம்பிதான் அப்படிச் சொன்னார் என்றோ ஒரு வார்த்தை இல்லை. அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. எனக்கு நிரந்தர நியமனம் கிடைக்கவிருந்த மாதம் அது. அந்தக் கடிதம் எனக்கு வந்திருந்தால், இந்தத் தொழிலில் நான் நிலைத்திருப்பேனா என்பதே சந்தேகம்.

வெளியே வந்ததும் நான் அழுதுவிட்டேன். அவர் என்னைத் தேற்றவில்லை. "திருத்தம் போடலாம் தம்பி. அடிச்சதைத் திருப்பி எடுக்கேலாது. அதாலைதான் ஒப்பு பார்க்கிறது" என்று மட்டும் சொன்னார். அன்றிரவு அவரே பலகையை எடுத்துக் காய்களை அடுக்கினார்.

பலகையில் ஒரு காலாளையும் திருப்பித் தராத மனிதர், வெளியில் எனக்கு எதைத் திருப்பித் தந்தார் என்று பாருங்கள்! அதையும் நான் கேட்காமலே தந்தார்.

இப்போது கைபேசித் திரையில் தோன்றிய அந்தப் பெட்டிக்கு வருகிறேன்.

இணையத்தில் நாங்கள் ஆடத் தொடங்கிய முதல் மூன்று வருடங்கள் அவர் ஒரு தடவைகூட நகர்வைத் திருப்பிக் கேட்டதில்லை. பிறகு ஒருநாள் கேட்டார். எனக்கு வியப்பாக இருந்தது. சிரித்துக்கொண்டே கொடுத்தேன். அடுத்த வாரம் மீண்டும் கேட்டார். பின்னர் ஓர் ஆட்டத்தில் இரண்டு தடவைகள். விளக்கம் எதுவும் எழுதமாட்டார். வெறும் பெட்டி மட்டும் வரும். நான் கொடுத்துக்கொண்டே இருந்தேன். ஆனால் மனதுக்குள் ஒரு கணக்கு ஓடத் தொடங்கிவிட்டது. எனக்கு ஒரு காலாளைத் தராதவர் அல்லவா இவர்? வயதானால் மனிதர்கள் தங்கள் விதிகளைத் தாங்களே மறந்துவிடுவார்களா?

அன்றிரவு அந்த ஆட்டத்தில் அவர் கேட்டது மூன்றாவது தடவை. அவரது ராணி நெடுங்கோட்டில் இறங்கி என் காலாளின் வாயில் வந்து நின்றது. பெட்டி வந்தது. மறுத்தேன். ராணியை வெட்டினேன். அவர் இன்னும் நான்கு நகர்வுகள் ஆடிவிட்டுத் தோல்வியை ஏற்றுக்கொண்டார். வழமைபோல் "நன்றி தம்பி" என்று எழுதிவிட்டுப் போனார்.

எனக்கு அன்று தூக்கம் வரவில்லை.

என்னிடம் ஒரு பழைய பழக்கம் உண்டு. கணினி எல்லாவற்றையும் பதிவுசெய்தாலும், ஆடும்போது ஒவ்வொரு நகர்வையும் ஒரு கொப்பியில் கையால் எழுதிக்கொள்வேன். மீளப்பெறப்பட்ட நகர்வைக் கணினி தனது பதிவிலிருந்து அழித்துவிடும். அப்படி ஒன்று நடந்ததற்கான தடமே ஆட்டத்தின் பதிவில் இருக்காது. என் கொப்பியில் அப்படியல்ல. ஒரு கோடு போட்டு வெட்டிவிட்டு, பக்கத்தில் புதிய நகர்வை எழுதியிருப்பேன். வெட்டப்பட்டது கோட்டுக்குக் கீழே அப்படியே தெரியும்.

நள்ளிரவில் எழுந்து அந்தக் கொப்பியைப் புரட்டினேன். அண்ணை திருப்பிக் கேட்ட பதினொரு இடங்கள் இருந்தன. ஒவ்வொன்றாக, வெட்டப்பட்ட நகர்வையும் அதற்குப் பதிலாக அவர் ஆடியதையும் ஒப்புநோக்கினேன். ஆம், ஒப்புநோக்கினேன். அவர் கற்றுத்தந்த தொழில்தானே!

பதினொன்றில் பத்து இடங்களில் காய் ஒன்றேதான். செல்லும் திசையும் ஒன்றேதான். வேறுபாடு ஒரே ஒரு கட்டம். மந்திரி மூலைக்கோட்டில் ஒரு கட்டம் முன்பாக நின்றிருந்தது. கோட்டை ஒரு கட்டம் கூடுதலாகப் போயிருந்தது. ராணி ஒரு கட்டம் தாண்டி நின்றிருந்தது. அவர் தமது எண்ணத்தை ஒரு தடவைகூட மாற்றிக்கொண்டிருக்கவில்லை. வேறொரு திட்டத்துக்காகவோ, என் பதிலைப் பார்த்துவிட்டோ அவர் கேட்கவில்லை. பத்திரிகை மொழியில் சொன்னால், அவற்றில் ஒன்றாவது கருத்துப்பிழை அல்ல. அத்தனையும் அச்சுப்பிழை.

நான் மறுத்த அந்தக் கடைசி நகர்வையும் பலகையில் வைத்துப் பார்த்தேன். ராணி இன்னும் ஒரு கட்டம் இறங்கியிருந்தால் ஆட்டம் என் கையைவிட்டுப் போயிருக்கும். எந்தக் கட்டத்தில் வைக்க நினைத்தார் என்பது பலகையைப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. அன்று நான் பார்த்திருந்தால் அன்றும் தெரிந்திருக்கும். 1978 இல் குறிப்பைத் திருப்பிப் பார்க்காதவன், இப்போது பலகையையும் பார்க்கவில்லை.

அடுத்த நாள் தொலைபேசியில் அழைத்தேன். சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"அண்ணை, கைக்கு என்ன?"

சிறிது நேரம் மௌனம். பிறகு சிரித்தார்.

"நடுங்குது தம்பி. ஒண்டரை வருசமாய். காலமைக்குக் குளிசை போட்டாப்பிறகு கொஞ்சம் பரவாயில்லை. விரலை வைச்சுக் காயை இழுக்கேக்கை அது எங்கையோ போய் நிக்குது."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் நீ விட்டு விளையாடுவாய். பிறகென்ன விளையாட்டு அது?"

நான் மறுத்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் ஏற்கவில்லை. "கேட்கிறது என்ரை உரிமை இல்லை. தாறதும் விடுறதும் உன்ரை விருப்பம். நீ மறுத்தது பிழையில்லை" என்றார். விதியின்படி அவர் சொன்னது முற்றிலும் சரி. எந்த நடுவரும் என்னைக் குற்றஞ்சாட்ட முடியாது. ஆனால் விதி என்னைக் காப்பாற்றியதே தவிர, அன்றிரவு நான் கணக்குப் பார்த்து மறுத்தேன் என்ற உண்மையை அது அழித்துவிடவில்லை. கொப்பியில் கோட்டுக்குக் கீழே தெரியும் நகர்வைப்போல் அது அப்படியே கிடந்தது.

என்ன செய்யலாம் என்று யோசித்தேன். அப்போது எனக்கு மக்னஸ் கார்ல்சன் நினைவுக்கு வந்தார். 2020 இல் இணையத்தில் நடந்த செஸ்ஸபிள் மாஸ்டர்ஸ் போட்டியின் அரையிறுதியில் அவரும் டிங் லிரெனும் மோதினார்கள். ஓர் ஆட்டத்தில் டிங்கின் இணைய இணைப்பு அறுந்து, நேரம் முடிந்து, அவர் தோற்றதாக அறிவிக்கப்பட்டது. விதியின்படி வெற்றி கார்ல்சனுக்குத்தான். அதைத் திருப்பிக் கொடுக்க அவருக்கு வழியில்லை. அடுத்த ஆட்டத்தில் அவர் நான்காவது நகர்விலேயே தமது ராணியை வேண்டுமென்றே பறிகொடுத்துத் தோல்வியை ஏற்றுக்கொண்டார். நகர்வைத் திருப்பித் தர முடியாதபோது ஆட்டத்தையே திருப்பித் தந்த மனிதர்!

நானும் அப்படியே செய்வதென்று தீர்மானித்தேன். அடுத்த ஆட்டத்தில், ஆறாவது நகர்வில் என் ராணியைக் கொண்டுபோய் அவருடைய குதிரையின் முன் வைத்தேன். அவர் வெட்டினால் என் மனம் ஆறிவிடும்.

ஒரு நிமிடம் கடந்தது. அவர் வெட்டவில்லை. மாறாக அந்தப் பெட்டி வந்தது. தமது நகர்வை மீளப்பெற விரும்புகிறாராம்.

கை நடுங்கித் தவறான இடத்தில் எதையோ வைத்துவிட்டார் என்று நினைத்து உடனே 'சரி' என்றேன். எதிராளி பதிலாடிய பிறகு நகர்வை மீளப்பெற்றால் இரண்டு அரை நகர்வுகளும் பின்னே போகும் என்று மேலே சொன்னேன் அல்லவா? என் ராணி தன் பழைய இடத்துக்குத் திரும்பியது. அவருடைய காயும் திரும்பியது. பிறகு அவர் முன்பு ஆடிய அதே நகர்வை, ஒரு கட்டமும் மாறாமல், மீண்டும் ஆடினார். ஆடிவிட்டுக் காத்திருந்தார்.

திரையின் ஓரத்தில் ஒரு வரி வந்து விழுந்தது.

"தம்பி, ஒழுங்காய் விளையாடு."

தமக்காக அல்ல, எனக்காக அவர் ஒரு நகர்வைத் திருப்பிக் கேட்டிருந்தார். பலகையில் அவர் எனக்குத் திருப்பித் தந்த முதலாவது நகர்வு அதுதான். நான் ஒழுங்காக விளையாடினேன். அவரே வென்றார்.

இப்போது எங்கள் ஆட்டங்கள் வேறுவிதமாக நடக்கின்றன. கடிகாரத்தை விட்டுவிட்டோம். ஒரு நகர்வுக்கு மூன்று நாள் அவகாசம் கொண்ட கடித முறை ஆட்டம் ஆடுகிறோம். காயை இழுக்காமல், முதலில் காயையும் பிறகு கட்டத்தையும் தொடுகிறார். நகர்வு அனுப்பப்படுவதற்கு முன்னர் 'உறுதிதானா?' என்று கேட்கும் வசதியையும் அவருடைய பேரன் ஏற்படுத்திக் கொடுத்திருக்கிறான். விரல் தவறினால் அங்கேயே திருத்திக்கொள்ளலாம். "இதுதான் தம்பி புரூஃப் எடுக்கிறது" என்று அவருக்குப் பெரிய சந்தோஷம். அதன் பின்னர் அந்தப் பெட்டி என் திரையில் தோன்றவே இல்லை.

முன்பின் தெரியாதவர்களோடும் நான் ஆடுவதுண்டு. அவர்களில் எவராவது நகர்வைத் திருப்பிக் கேட்டால், இப்போது நான் குறியை அழுத்துவதற்கு முன்பு ஒரு தடவை பலகையைப் பார்க்கிறேன். காய் எங்கே போக நினைத்தது, எங்கே போய் நின்றது? ஒரு கட்ட வித்தியாசமானால் மறுபேச்சின்றிக் கொடுத்துவிடுகிறேன். அதற்கு ஒரு விநாடியல்ல, ஐந்து விநாடிகள் எடுக்கும். என் கடிகாரத்தில்தான் அது போகும். போகட்டும்.